‘சத்தம் குறைஞ்சிருச்சே... வண்டிய நிறுத்தாயி!’ - பெரியப்பாவின் 1959 பீட்டிலில் திருக்காட்டுப்பள்ளி வரை

வெண்ணாற்றுப் பாலம் தாண்டியாயிற்று. திருக்காட்டுப்பள்ளிக்கு இன்னும் நாலைந்து கிலோமீட்டர்தான். மணி ஆறு இருக்கும். ஸ்பீடாமீட்டருக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஓட்டிக்கொண்டேதான் இருந்தேன். பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லும் விளக்கு அது என்று எனக்குத் தெரியும். ஊர்தான் வந்துவிட்டதே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பக்கத்து சீட்டில் பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார். காலை ஐந்து மணிக்கு தாம்பரத்தில் கிளம்பியவர். எழுப்ப மனசு வரவில்லை.

ஒரு நிமிடம் இருக்கலாம், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். பெரியப்பா சட்டென்று கண் திறந்தார்.

“சத்தம் குறைஞ்சிருச்சே... என்னாயி பண்ணுன?”

“ஒண்ணும் பண்ணல பெரியப்பா.”

“வண்டிய நிறுத்தாயி! சாவிய அணை!”

வாழ்க்கையில் அவர் என்னைப் பார்த்துக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை.

எந்தக் காரிலும் கோளாறு வந்தால் சத்தம் கூடும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வண்டியில் ஆபத்து, சத்தம் குறைந்து வந்தது.

*

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 1959 மாடல். 1,192 சிசி, 30 குதிரைசக்தி. பீட்டில் இந்தியாவில் தயாரிக்கப்பட்டதே இல்லை. அம்பாசடரும் ஃபியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடிய காலத்தில் இறக்குமதியாகி வந்த கொஞ்சம் வண்டிகளில் ஒன்று. நீலகிரியில் ஒரு எஸ்டேட்டில் கிடந்ததை 1978-ல் பெரியப்பா வாங்கினார். அப்போது அவர் திருச்சி ‘பெல்’ தொழிற்சாலையில் ஃபிட்டர். வாங்கும்போது இன்ஜின் தனியாக ஒரு சாக்கில் இருந்ததாம்.

இன்ஜின் பின்னால். டிக்கி முன்னால். பெட்ரோல் டேங்கும் முன்னால். பெட்ரோல் முள் கிடையாது. தீர்ந்து இன்ஜின் திக்கும்போது, காலடியில் இருக்கிற ஒரு குழாயைத் திருப்பினால் ரிசர்வ் வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியர் போட முடியாது, வண்டி நின்றால்தான் விழும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ‘ஆமை காரு’.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ரேடியேட்டர் கிடையாது. தண்ணீரே கிடையாது. காற்றுதான் இன்ஜினைக் குளிர வைக்கிறது. ஜெர்மனியின் பனிக்காலத்தில், வீட்டில் ஷெட் இல்லாதவன் தெருவில் காரை நிறுத்தினால் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து இன்ஜின் வெடித்துவிடும். அதனால்தான் ஃபெர்டினாண்ட் போர்ஷே தண்ணீரே வேண்டாமென்று இந்த வண்டியை வடிவமைத்தார். பனிக்குப் பயந்து செய்த வண்டியை நாங்கள் ஜூன் மாத வெயிலில் திருச்சி ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்தோம்.

காற்றில் குளிர்வது நமக்குப் புதிதல்ல. புல்லட் அப்படித்தான், ஆட்டோ அப்படித்தான். புல்லட்டின் இன்ஜின் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் போகிற வேகத்தில் காற்று படும். பீட்டிலின் இன்ஜின் பின்பக்கம் பெட்டிக்குள் அடைந்து கிடக்கிறது. அதற்கு ஒரு விசிறி வேண்டும். டைனமோவின் ஒரு முனையில் அந்த விசிறி. டைனமோவைச் சுழற்ற ஒரு ரப்பர் பெல்ட். இன்ஜின் சுற்றுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் விசிறி சுற்றும். பீட்டில் போனால் தெருமுனை வரை கேட்கும் அந்த இரைச்சலில் பாதி, விசிறியின் இரைச்சல்.

பெல்ட் அறுந்தால் டைனமோ நிற்கும், சிவப்பு விளக்கு எரியும். அதோடு விசிறியும் நிற்கும். இன்ஜின் மட்டும் பேட்டரியின் தயவில் ஓடிக்கொண்டே இருக்கும், ரொம்ப அமைதியாக. சில நிமிடங்களில் பிஸ்டன் இறுகிவிடும்.

நான் ஓட்டிய அந்த ஒரு நிமிடம் என்பது இதுதான்.

*

இந்தப் பயணத்தில் நான் எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாள் காலை அப்பாயிக்குத் திதி. வருடா வருடம் பெரியப்பா ரயிலில்தான் போவார். இந்த வருடம் காரில் போவேன் என்றார். காரணம், வண்டியை விற்கப் போகிறார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஊருக்கே வந்து பார்த்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அவர் ஓட்டுவதற்காக வாங்கவில்லை, ஒரு ஹோட்டல் வாசலில் நிறுத்தப் போகிறாராம். 50 வருடம் தாண்டிய வண்டிகளை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்து, நம்பரில் ‘வி.ஏ.’ என்று போட்டுக்கொள்ள 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. பெரியப்பா அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டி, சாதாரண வண்டியாகவே வைத்திருக்கிறார்.

ஏன் விற்கிறார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடமாக அவருக்குக் கை நடுங்குகிறது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். ஸ்க்ரூ டிரைவரைப் பள்ளத்தில் வைத்தால் வழுக்கிவிடுகிறது.

“கூட யாராச்சும் வாங்க. ஓட்ட ஒரு ஆளு, திருக ஒரு ஆளு” என்றார். ஒரே ஆளாக நான் போனேன்.

எனக்கு இதில் என்ன தகுதி என்றால், ‘காரில் நீண்ட பயணமா? கிளம்பும் முன் கவனிக்க வேண்டிய 7 விஷயங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியது. அதில் மூன்றாவது விஷயம், ‘ரேடியேட்டர் தண்ணீரைச் சரிபாருங்கள்’.

*

முதல் நிறுத்தம் உளுந்தூர்பேட்டைக்கு முன்னால். வண்டி ‘மிஸ்ஸிங்’ அடிக்க ஆரம்பித்தது. ஏற்றத்தில் இழுக்கவில்லை, விட்டு விட்டு இருமியது. ஓரம் கட்டி பின்பக்க மூடியைத் திறந்தோம்.

“டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய ரெண்டு கிளிப்பும் எடு. உள்ள பாயின்ட் ஒட்டிக்கிட்டிருக்கும் பாரு.”

பாயின்ட் என்பது சின்னச் சின்ன இரண்டு உலோகப் பொட்டுகள். தொட்டு விலகும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்பார்க். நடுவில் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தேய்ந்து தேய்ந்து அது மூடிக்கொண்டே வரும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜைத் தேடினால், தாம்பரத்தில் மேசை மேலேயே இருக்கிறதாம்.

“உன்கிட்ட விசிட்டிங் கார்டு இருக்கா?”

வேலைக்குச் சேர்ந்தபோது இருநூறு கார்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். டெஸ்க்கில் இருக்கிறவளிடம் யார் கார்டு கேட்கப் போகிறார்கள்? பர்ஸில் நாலு மடங்காமல் இருந்தன. ஒரு நல்ல விசிட்டிங் கார்டின் கனமும் பாயின்ட் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றுதானாம். அவசரத்துக்கு உதவும்.

புல்லியில் ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றச் சொன்னார். பாயின்ட் அதிகபட்சம் விரிகிற இடத்தில் நிறுத்தி, ஸ்க்ரூவைத் தளர்த்தி, கார்டை நடுவில் விட்டு, உரசியும் உரசாமலும் வரும்படி வைத்து இறுக்க வேண்டும். இறுக்கும்போது நகர்ந்துவிடுகிறது. மறுபடியும் தளர்த்த வேண்டும். நாலாவது முறைதான் நின்றது. பெரியப்பா பக்கத்தில் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை இரண்டும் பின்னால் கட்டியிருந்தது. தான் தொட்டுவிடக் கூடாது என்று கட்டிக்கொண்டாரோ என்னவோ.

ஸ்டார்ட் செய்ததும் பத்து விநாடி கேட்டார். “போதும், போலாம்.” என் பெயரும் பதவியும் எண்ணெய்க் கறையோடு திரும்ப பர்ஸுக்குள் போயின.

*

இரண்டாவது நிறுத்தம் பெரம்பலூர் தாண்டி, மதியம் பன்னிரண்டரை. இந்த முறை இருமல்கூட இல்லை. மெதுவாக மூச்சு விட்டு நின்றுவிட்டது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

பீட்டிலின் பெட்ரோல் பம்ப் இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த வெயிலில் அதற்குள் போகும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ளிக்கொண்டிருக்கும், கார்புரேட்டருக்கு ஒன்றும் போகாது. வேப்பர் லாக் என்பார்கள். அதற்கு வைத்தியம் ஈரத்துணி.

இதற்குள் இளநீர்க் கடையிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள். “ரேடியேட்டர் காஞ்சிருக்கும் சார், தண்ணி ஊத்துங்க” என்று ஒருவர் குடத்தையே தூக்கி வந்துவிட்டார். முன்பக்கம் திறந்து பார்த்தார். ஸ்டெப்னி இருந்தது. “இன்ஜினையே காணோமே!” என்றார். பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினோம். அங்கேயும் அவர் தண்ணீர் ஊற்றும் வாயைத் தேடினார்.

குடத்தை அவரிடமிருந்து பெரியப்பா கிட்டத்தட்டப் பிடுங்கினார். கொதிக்கிற சிலிண்டர் மேல் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். தன் துண்டை நனைத்துப் பிழிந்து, பம்ப் மேலும் பெட்ரோல் குழாய் மேலும் மட்டும் படுகிற மாதிரி என்னைச் சுற்றச் சொன்னார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நனைத்து மாற்றினேன். முக்கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பியிருக்கும். ஆனால், “இந்த வெயில்ல கிளம்பினா பாடாலூர்ல மறுபடி நிக்கும்” என்று மூன்றரை மணி வரை புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார். இளநீர்க்காரருக்கு அன்று நல்ல வியாபாரம்.

அந்த மரத்தடியில்தான் ஜான் மியூர் என்ற அமெரிக்கர் எழுதிய புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். ஒன்றும் தெரியாதவர்கள் ஃபோக்ஸ்வாகனைத் தாங்களே பழுது பார்ப்பதற்காக 1969-ல் வந்தது. ஓரங்களெல்லாம் எண்ணெய்க் கறையாக ஒரு பிரதி பெரியப்பாவிடம் இருக்கிறது. “நமக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். படம் நல்லா போட்டிருக்கான். படத்தை வச்சே மூணு தடவ இன்ஜின எறக்கிட்டேன்” என்றார். வண்டியோடு இன்ஜினைப் பிடித்திருப்பது நாலே நாலு போல்ட்தான். உலகம் முழுக்க 2 கோடியே 15 லட்சம் பீட்டில்கள் செய்தார்கள். கடைசி வண்டி 2003 ஜூலை 30-ம் தேதி மெக்சிகோவில் பியூப்லா ஆலையில் இருந்து வந்தது. அத்தனை வண்டிகளும் ரோட்டோரம் நின்றுதான் ஆகியிருக்கும்!

திருச்சி, துவாக்குடி, செங்கிப்பட்டி. அங்கே இடது பக்கம் திரும்பி பூதலூர். வெயில் இறங்கி வண்டி நன்றாக ஓடியது. பெரியப்பா நிம்மதியாகத் தூங்கினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் முதலில் சொன்னது.

*

மூடியைத் திறந்ததும் ரப்பர் கருகிய வாசனை. பெல்ட் துண்டாகி அடியில் தொங்கியது. பெரியப்பா திட்டவில்லை. “எவ்வளவு நேரமா லைட்டு எரிஞ்சுது?” என்று மட்டும் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். “ஒரு நிமிஷம்... கூட இருக்கும் பெரியப்பா” என்றேன்.

அவர் இன்ஜினுக்கு மேலே, தொடாமல், கையை நீட்டிச் சூடு பார்த்தார். நடுங்குகிற அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. “ஆறட்டும். ஆறின பொறவு கையால சுத்திப் பாப்போம். சுத்துச்சுன்னா சரி.” சுத்தாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

மாற்று பெல்ட் எப்போதும் வண்டியிலேயே இருக்குமாம். இருந்தது. மடித்து வைத்த இடத்தில் பாளம் பாளமாக வெடித்து, கையில் எடுத்ததும் உதிர்ந்தது.

மேட்டூர் தண்ணீர் இன்னும் வந்து சேராத நேரம். குறுவை நாற்றங்காலுக்கு எங்கே பார்த்தாலும் மோட்டார் தண்ணீர்தான். வாய்க்கால் பக்கமிருந்து டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒருவர் வந்தார். பின்னால் மரப்பெட்டியில் ஸ்பேனர்கள். டீசல் இன்ஜின் மெக்கானிக்.

“என்னாங்கய்யா இது, ஆட்டோ மாதிரி பின்னாடி வச்சிருக்கு?”

“ஆட்டோதான் தம்பி, நாலு சிலிண்டர் ஆட்டோ.”

அவர் குனிந்து ஒரு நிமிடம் பார்த்தார். “ஆட்டோல ஃபேன் இன்ஜினோடயே சுத்தும். இதுல பெல்ட்டு. பெல்ட்டு போனா காத்து போச்சு. அப்புறம் ஓட்டுனீங்களா?”

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பழைய பெல்ட்டை ஒட்டவைத்துப் பார்த்து, பிறகு ஒரு நூல் கயிற்றை இரண்டு புல்லியையும் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சோடு திருக்காட்டுப்பள்ளி கடைவீதிக்குப் போனார். திரும்பி வர நாற்பது நிமிடம். அதற்குள் இருட்டிவிட்டது. கொண்டு வந்தது மூன்று பெல்ட். முதலாவது அகலம், பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை. இரண்டாவது குட்டை. மூன்றாவது எந்த வண்டிக்கானது என்று அட்டையில் எழுத்து அழிந்திருந்தது. கொஞ்சம் நீளம், தொளதொளவென்று இருந்தது.

“நீளமா இருந்தா பரவாயில்ல” என்றார் பெரியப்பா. “புல்லிய பிரிங்க.”

டைனமோ புல்லி இரண்டு தட்டுகளாகப் பிரியும். நடுவில் மெல்லிய வாஷர்கள். வாஷரை நடுவிலிருந்து எடுத்தால் தட்டுகள் நெருங்கும், பெல்ட் மேலே ஏறி இறுகும். எடுத்த வாஷர்கள் தொலைந்துபோகாமல் இருக்க, அதே நட்டுக்கு அடியில் வெளிப்பக்கம் போட்டுக்கொள்ளலாம். டைனமோவையே நகர்த்த வேண்டியதில்லை. மெக்கானிக் அண்ணன் இதைப் பார்த்து, “அட... யோசிச்சிருக்கான் பாருங்க” என்று இரண்டு முறை சொன்னார்.

புல்லியைப் பிரிக்கும் முன் பெரியப்பா என்னிடம், “சுத்திப் பாரு” என்றார்.

ஸ்பேனரைக் கீழ்ப் புல்லியில் போட்டேன். செல்போன் வெளிச்சம் அண்ணன் கையில். மூன்று பேரும் பேசவில்லை. இழுத்தேன். வரவில்லை. என் வயிறு காலியானது. “மெதுவா... ஒரே சீரா இழு” என்றார் பெரியப்பா. மறுபடி இழுத்தேன். கனமாக, பிறகு இலகுவாக, ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று. நாலு சிலிண்டரிலும் காற்றுத் தடை தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

நடுவிலிருந்து இரண்டு வாஷர் வெளியே வந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் ஒன்றரை சென்டிமீட்டர் உள்வாங்க வேண்டும். பெரியப்பா எழுந்து வந்து தானே அழுத்திப் பார்த்தார். அதற்குக் கை நடுங்காமல் இருக்க வேண்டியதில்லை.

பெல்ட் காசும் முந்நூறு ரூபாய் சம்பளமும் வாங்கிக்கொண்டார் அண்ணன். எங்கள் வண்டி ஆறு வோல்ட், முன்விளக்கு அகல்விளக்கு மாதிரிதான். அவர் எக்ஸ்எல்லை முன்னால் ஓட்ட, அந்த வெளிச்சத்தில் பின்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்தோம். விசிறி இரைச்சல் காதை அடைத்தது. ஜன்னலை ஏற்ற எனக்கு மனசே வரவில்லை.

*

மறுநாள் குடமுருட்டிக் கரையில் திதி கொடுத்தோம். ஆற்றில் மணல்தான். வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுபோன தண்ணீர். அப்படியே கோயிலுக்குப் போனோம். அக்னீஸ்வரர், தீயாடியப்பர். எல்லாவற்றையும் எரிக்கிறவன் என்ற பழி தீர அக்னியே வந்து கும்பிட்ட தலம் என்பது எங்கள் ஊர்க்கதை. பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “நீயும் நல்லா கும்புட்டுக்க” என்றார். அவர் கிண்டல் செய்ய ஆரம்பித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

பத்து மணிக்கு மெக்கானிக் அண்ணன் ஃபீலர் கேஜோடு வந்தார். டீசல் இன்ஜினுக்கும் வால்வு இடைவெளி பார்ப்பதுண்டாம். இரவு முழுக்க ஆறிய இன்ஜின், அப்போதுதான் சரியாக அளக்க முடியும். வால்வு ஒவ்வொன்றுக்கும் 0.1 மில்லிமீட்டர். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். மூடியைப் பிடித்திருக்கும் கம்பியை நெம்பியதும் எண்ணெய் முகத்தில் ஒழுகியது. பெரியப்பா மேலே நாற்காலியில்.

“மூணாவத கடைசியா பாரு” என்றார். விசிறிக் காற்று மூன்றாவது சிலிண்டருக்குப் போகிற வழியில் ஆயில் கூலர் நிற்கிறது. அதனால் எப்போதும் அதுதான் அதிகம் சூடாகும். கெடுவதென்றால் முதலில் அதன் எக்ஸாஸ்ட் வால்வுதான் கெடும். வால்வு இழுபட்டிருந்தால் இடைவெளி மூடியிருக்கும்.

ஒன்று, இரண்டு, நான்கு எல்லாம் சரி. மூன்றாவதின் எக்ஸாஸ்ட்டில் கேஜ் நுழையவில்லை. இன்னும் மெல்லிய தகட்டை வைத்துப் பார்த்தேன். இறுக்கமாக நுழைந்தது.

“கொறஞ்சிருக்கு பெரியப்பா.”

“எவ்வளவு?”

“பாதி.”

மேலே சத்தமில்லை. பிறகு, “லாக் நட்ட தளத்து. வச்சு விடு” என்றார். வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் கோபமாக இல்லை. என் முகத்து எண்ணெயைத் துடைக்கத் துண்டைக் கொடுத்தார், நேற்று பெட்ரோல் பம்பில் சுற்றிய அதே துண்டு.

அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர்க்காரர் போன் செய்தார். எப்போது வரலாம் என்று கேட்டிருக்க வேண்டும். பெரியப்பா சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

“இல்லைங்க, இப்ப வராதீங்க. நேத்து பெல்ட் இல்லாம கொஞ்சம் ஓடிருச்சு. மூணாவது வால்வு கொறஞ்சிருக்கு... இல்லைங்க, ஓடுது, நல்லாத்தான் ஓடுது. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி மறுபடி அளக்கணும். மறுபடி கொறஞ்சா ஹெட்ட எறக்கணும்... வாசல்ல நிறுத்தத்தான்னு தெரியும்ங்க. இருந்தாலும் தெரியாம குடுக்க முடியாதுல்ல. ஆயிரம் ஓடட்டும், பொறவு பேசுவோம்.”

போனை வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

“மாசத்துக்கு ஒனக்கு எத்தினி ஞாயித்துக்கெழம லீவு?”

“ரெண்டு.”

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பிறகு மெக்கானிக் அண்ணனிடம் திரும்பி, “தம்பி, அந்த அட்டை அழிஞ்ச பெல்ட்டு, கடைல இன்னும் ரெண்டு கெடைக்குமான்னு கேளுங்க” என்றார்.